லாசருவுக்கு ஒரு சாட்சி

கோயில் வளாகத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டு நிறுத்தியிருந்த ஒரு வண்டியின் மேல் சவரிமுத்து ஏறினான். எங்கே கால் வைத்தால் வண்டி குடைசாயாது என்று அவனுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வண்டி ஓட்டுகிறவன் அவன். ஏறி நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"இஞ்சேருங்கோ, இவன் என்ன செய்யப் போறான்?" என்று என் கணவரைக் கேட்டேன்.

அவர் தம் கோட்டை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களை முன்பின் தெரியாதவர் போல மெல்ல நகர்ந்து ஒரு மரத்தடிக்குப் போய்விட்டார்.

அன்று அந்தோனியார் திருநாள். கோலாலம்பூர்த் தமிழ்க் கோயிலில் பெரிய பூசை முடிந்து, சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. ஒருபக்கம் கூடை கூடையாக அந்தோனியார் ரொட்டி கொடுத்தார்கள். மறுபக்கம் சாயங்காலச் சப்பரத்துக்குப் பூ கட்டினார்கள். தலை, தலை, தலை. சிலாங்கூரில் இத்தனை தமிழர் இருக்கிறார்கள் என்பதையே நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

என் பக்கத்தில் நின்ற ஆரோக்கியம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ, அந்த மனுசன எறங்கச் சொல்லுங்க கிராணியம்மா. மானம் போவுது."

அவளுக்காகத்தான் அவன் ஏறியிருந்தான். அவளுடைய முதல் கணவன் இறந்துபோனதைக் கண்ணால் பார்த்த ஆள் ஒருவர் வேண்டும். கிடைத்தால் இவர்களுக்குக் கலியாணம். கிடைக்காவிட்டால் இல்லை.

விஷயம் அந்த வண்டி வரைக்கும் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்டல் தோட்டம்

யாழ்ப்பாணத்துப் பாஷையூரிலிருந்து கலியாணமாகி நேரே கோலசிலாங்கூருக்கு வந்தவள் நான் என்று முன்பே எழுதியிருக்கிறேன். என் கணவர் அங்கே ஒரு தோட்டத்தில் கிராணி, ஆபீசில் எழுத்து வேலை. தோட்டத்துக்குத் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. சனங்களுக்கு அது கண்டல் தோட்டம். ஆற்றோரம் முழுக்கச் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்கள். தண்ணீர் வற்றும் நேரம் சேற்று வாடை வீட்டுக்குள் வரும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது ஊர் வாடை. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அங்கே எனக்குக் கிடைத்த முதல் மனுஷி ஆரோக்கியம். காலையில் ரப்பர் மரம் வெட்டுவாள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பாள்; பின்னேரம் என் வீட்டு வேலைக்கு வருவாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். தஞ்சாவூர்ச் சீமைக்காரி.

"ஆரோக்கியம், இஞ்ச வாரும். இந்த மீன் என்ன மீன் எண்டு சொல்லும்" என்பேன்.

"வாரும் சொல்லும்னு என்னைய எதுக்குங்க தொரையாக்குறீங்க?" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். எங்கள் ஊரில் அது பிரியமான பேச்சு என்று எத்தனை தரம் சொன்னாலும் அவள் நம்பவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் வேதக்காரர். தோட்டத்தில் கோயில் இல்லை. மாலையில் என் அடுப்படியிலேயே மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து செபமாலை சொல்வோம். சோறு கொதிக்கும் சத்தத்தோடு செபமும் சேர்ந்து போகும். பாதியில் எழுந்து கஞ்சி வடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

அவளுடைய கதையையும் அந்த அடுப்படியில்தான் கேட்டேன். கலியாணமான வருஷமே அவளும் புருஷன் லாசருவும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருக்கிறார்கள். நடுக்கடலில் மிசின் நின்றுபோய்க் கப்பல் ஆடிக்கொண்டு கிடந்தபோது வாந்திபேதி கண்டது. முதலில் விழுந்தது அவள்தான். பெண்களைப் பிரித்து ஒரு மூலையில் கிடத்திவிட்டார்கள். அவளுக்கு நினைவு திரும்பியபோது கப்பல் கரை பிடித்திருந்தது. "ஒம் புருசன் போயிட்டாம்மா, கடல்ல விட்டாச்சு" என்று யாரோ ஒரு பெண்பிள்ளை சொன்னாள். கப்பலில் வந்தவர்களை நோய் தீரும்வரை அடைத்துவைக்கும் கொரண்டின் முகாமில் அந்தப் பெண்பிள்ளையும் எங்கோ பிரிந்துபோனாள்.

"நா பாக்கவே இல்லீங்கம்மா" என்றாள் ஆரோக்கியம். "குழியும் இல்ல, சிலுவையும் இல்ல. அழுவலாம்னு ஒக்காந்தா எதப் பாத்து அழுவுறது? அப்டியே மரத்துப்போச்சு."

மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அவள் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது.

சவரிமுத்து

சவரிமுத்துவின் குரல் மாட்டிடம் மட்டும்தான் வரும். மனிதர்களிடம் ஒரு சொல், இரண்டு சொல், மிச்சம் தலையாட்டல். மரம் வெட்டுகிறவர்கள் பாலைக் கொண்டுவந்து அவன் வண்டியிலிருந்த பீப்பாயில் ஊற்றுவார்கள். வாளியைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டும். ஆரோக்கியத்தின் முறை வரும் இடத்தில் மட்டும் அவன் வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கி நிறுத்துவானாம். அவளுக்கு வாளியை உயரத் தூக்கும் வேலை இல்லை. மாதக்கணக்கில் இப்படி நடந்த பிறகுதான் அவளுக்கே அது புரிந்தது. "பாதை சரியில்லன்னு நெனச்சேங்கம்மா" என்று என்னிடம் சொன்னபோது முகம் சிவந்துபோயிருந்தது.

சாமியார் சில மாதங்களுக்கு ஒருமுறை கோலசிலாங்கூர்ப் பக்கம் வந்து, ஒரு தேங்காய்க் கொப்பரைக் கொட்டகையில் பூசை வைப்பார். பிரான்சு தேசத்துப் பாதிரியார். தமிழ்நாட்டில் பல வருஷம் இருந்தவர். புத்தகத்தை வாசிப்பது போலத் தமிழ் பேசுவார். இவர்கள் இருவரும் கலியாணம் செய்துவைக்கக் கேட்டு அவர் முன்னால் போய் நின்றார்கள். நானும் கூடப் போனேன்.

"மகளே, உன் கணவன் இறந்ததை நீ கண்டாயா?"

"இல்ல சாமி."

"கண்டவர் எவரையேனும் அறிவாயா?"

"தெரியாது சாமி."

அவர் தாடியைத் தடவினார். "அப்படியானால் நான் என்ன செய்வேன்? சென்ற ஆண்டு வேறொரு தோட்டத்தில், ஊரார் பேச்சை நம்பி ஒருத்திக்கு மறுமணம் செய்துவைத்தேன். இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டவன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். இரண்டு கணவர்களும் என்னிடம் நீதி கேட்டார்கள். நான் என்ன சாலமோன் அரசனா? இறந்ததைப் பார்த்த ஒரு சாட்சியைக் கொண்டுவாருங்கள்."

தோட்டத்துக் கங்காணி இதைக் கேட்டுவிட்டு, "பேரு வேற லாசரு. வேதத்துல செத்து நாலாம் நாளு எந்திரிச்சு வந்தவராச்சே! சாமியாருக்குப் பயம் வராதா?" என்றார். சனம் சிரித்தது. ஆரோக்கியம் சிரிக்கவில்லை.

என் கணவர் துறைமுகத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டார். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது. லாசரு என்ற பெயரைக் கேட்ட வெள்ளைக்காரன் எதை எழுதிவைத்தானோ.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தில் தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டி கொண்டுவரப் போவதாகத் துரை முடிவுசெய்தார். மாட்டுவண்டிக்கு வேலை இல்லை. மாதம் முடிந்ததும் சவரிமுத்து சபாக் பக்கம் உள்ள இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும். பெண்சாதி இருந்தால் அவளும் போகலாம்.

"பேசாம கூட்டிக்கிட்டுப் போயிடுறா. யாரு கேக்கப்போறா?" என்று லயத்து வரிசை வீடுகளில் பலரும் சொன்னார்கள்.

"அது என்ன திருட்டு மாடா, சத்தமில்லாம ஓட்டிக்கிட்டுப் போறதுக்கு?" என்றான் சவரிமுத்து. அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதை அன்றுதான் கேட்டதாகச் சொன்னார்கள்.

திருநாளுக்குப் போகலாம் என்பது என் யோசனை. காணாமற்போனதைக் காட்டிக்கொடுக்கிறவர் அந்தோனியார். அதைவிடப் பெரிய காரணம், எல்லாத் தோட்டத்து வேதக்காரரும் அங்கே வருவார்கள். அந்தக் கப்பலில் வந்த ஒருவராவது இருக்கமாட்டார்களா? உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு கோயிலைப் பார்த்தாக வேண்டும் போலிருந்தது. எங்கள் பாஷையூரிலும் அந்தோனியார்தான். ஊரில் கொடியேறியிருக்கும் நேரத்தில் நான் இங்கே கண்டல் சேற்றை மோந்துகொண்டிருந்தேன்.

என் கணவர் முணுமுணுத்தார். பிறகு துரையிடம் போய் எல்லோருக்கும் இரண்டு நாள் லீவு கேட்டுக்கொண்டு வந்தார்.

பால் வாடை

அந்தக் காலத்தில் கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கு ஒரு கிளை ரயில் ஓடியது. இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை, தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்களே! கிள்ளானில் இறங்கி, கோலாலம்பூர் வண்டியில் மாறி ஏறினோம். ஆரோக்கியம் ஒரு துணிமூட்டை வைத்திருந்தாள். அதற்குள் நான் கொடுத்த ரோஜா நிறச் சேலை ஒன்று மடித்து இருந்தது. தேவைப்பட்டால் உடுத்த. தேவைப்படுமா என்று இருவருமே பேசவில்லை.

கோயில் அப்போது கட்டி அதிக காலம் ஆகாதது. சுண்ணாம்பு வெள்ளை கண்ணைக் கூசும். இன்று அதைப் பழங்காலக் கட்டடம் என்று சொல்லிப் படமெடுக்க வருகிறார்கள். வாசல் தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள், கண்ணாடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. உள்ளே நுழைந்ததும் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்தேன். அந்தக் குளிர் நெற்றியில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தரை ஓடு உள்ளங்காலுக்குச் சில்லென்று இருந்தது. வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த நீல வெளிச்சம் ஒரு கிழவனின் மொட்டைத் தலையில் உட்கார்ந்திருந்தது. பீடத்தருகில் குழந்தையை ஏந்திய அந்தோனியார் சுரூபம். ஊரில் உள்ளவரைவிட இவர் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தார். மலாயாச் சாப்பாடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் உட்காரும் வாங்குகள் கிராணிமார் வீட்டு ஆட்களுக்கு. தோட்டத்துச் சனம் பின்னால் தரையில். ஒருவர் என்னை முன்னுக்கு வரச்சொல்லிக் கை காட்டினார். நான் ஆரோக்கியத்தின் கையைப் பிடித்திருந்தேன். அவளோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்னே ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சாம்பிராணிப் புகை, மல்லிகை, வேர்வை, மெழுகு. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாடை. என்னவென்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு தெரிந்தது: ரப்பர் பால். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மரம் வெட்டுகிறவர்களின் கையைவிட்டு அது போவதில்லை. அத்தனை கைகளும் அன்று ஒரே கூரையின் கீழ் கூப்பியிருந்தன. சாம்பிராணியால் அதை வெல்ல முடியவில்லை.

பார்த்தவங்க யாராச்சும் உண்டா?

பூசை முடிந்ததும் நானும் ஆரோக்கியமும் ஆட்களைக் கேட்டுப் பார்த்தோம். ஒருவர் தலையசைப்பார், ஒருவர் வேறு கப்பலைச் சொல்வார். ரொட்டிக்கு நெருக்கும் கூட்டத்தில் யாரை நிறுத்திக் கேட்பது? கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. சவரிமுத்து இதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகுதான் அந்த வண்டியில் ஏறினான்.

மாட்டை அதட்டும் அதே குரல்.

"நாகப்பட்டணத்துல ஏறுனவங்களே! நடுக்கடல்ல மிசினு நின்னுபோயி ஆடிக்கிட்டுக் கெடந்த கப்பலு! அதுல வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? லாசருன்னு ஒருத்தரு, தஞ்சாவூர்ச் சீமை! வாந்திபேதில போயிட்டாரு! அவரப் பாத்தவங்க யாராச்சும் உண்டா?"

ரொட்டி கொடுத்த கை அப்படியே நின்றது. எங்கோ ஒருவர் சிரித்தார்.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் குழந்தையோடு, கத்தினாள்: "எந்தம்பி சூசை! லால்குடிப் பக்கம்! கொரண்டின்ல பிரிச்சிட்டாங்க! பாத்தவங்க இருக்கீங்களா?"

அவள் முடிக்கவில்லை. இன்னொரு பக்கமிருந்து ஓர் ஆண் குரல்: "பெரியநாயகம்! எங்க அக்கா! மூக்குல தழும்பு இருக்கும்!"

அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊர்ப் பெயர்கள். ஆட்களின் பெயர்கள். தழும்பு, மச்சம், பச்சை குத்தல், திக்கு வாய். இத்தனை காலமும் ஒவ்வொருவரும் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒரு பெயரை எடுத்து வெளியே வீசுவது போலிருந்தது. சவரிமுத்து வண்டி மேலேயே நின்றான். கீழே நின்றவர்கள் கேட்கச் சொன்ன பெயர்களை அவன் தன் பெரிய குரலில் திருப்பிக் கூவினான். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் யாரோ, எவரோ.

எனக்கு என்ன பிடித்ததென்று தெரியாது. எனக்குத் தொலைந்தவர் யாருமில்லை. என்றாலும் வாயைத் திறந்து கத்திவிட்டேன்: "பாஷையூர் ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?"

மரத்தடியில் நின்ற என் கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஓம் பிள்ளை!" என்று தூரத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது. "கரையூர் ஆள் ஒண்டு இஞ்ச நிக்கிறன்! காணுமோ?"

பாஷையூருக்கும் கரையூருக்கும் கூப்பிடு தூரம். காணும், அதுவே போதும் என்று நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அந்த இரைச்சலுக்குள் ஒருவர் வண்டியின் அருகே வந்து நின்றார். கறுத்து மெலிந்தவர். நெற்றியில் திருநீறு. கையில் ஏற்றாத மெழுகுவர்த்தி.

"தம்பி, எறங்கு" என்றார் சவரிமுத்துவிடம். "அந்த லாசருவுக்கு ஒரு காதுல மட்டும் கடுக்கன் உண்டா?"

ஆரோக்கியத்தின் விரல்கள் என் முழங்கையைப் பற்றின.

பாதி மந்திரம்

எங்கள் பக்கம் வருகிற அதே சாமியாரிடம் அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போனோம். முதல்நாள் நள்ளிரவிலிருந்து சாமியார் பட்டினி. பூசை வைப்பவருக்கு அதுதான் விதி. சாமியார்கள் தங்கும் அறை வீட்டு விறாந்தையில் அப்போதுதான் ஒரு முட்டையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் தட்டைத் தள்ளிவைத்தார்.

வந்தவர் பெயர் வேலாயுதம். சபாக்கில் தென்னந்தோட்டத்தில் வேலை. பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மலாய்க்காரர் படகு பிடித்து, கோலசிலாங்கூரில் ரயிலேறி வந்திருந்தார்.

"எனக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தாருங்க" என்று தொடங்கினார். "ஒரு காதுல மட்டும் கடுக்கன் கெடந்துச்சு. இன்னொண்ணு எங்கன்னு கேட்டேன். பொண்டாட்டிக்கு மூக்குத்தியா அடிச்சுப் போட்டுட்டேன்னு சொல்லிச் சிரிச்சாரு."

சாமியார் ஆரோக்கியத்தைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவள் கையால் மூக்கை மறைத்துக்கொண்டாள்.

"நோவு கண்டு ரெண்டு நாளு தாங்கலைங்க. கடைசில என்னயக் கூப்புட்டு, 'பொம்பளைங்க பக்கம் ஆரோக்கியம்னு ஒருத்தி கெடக்குறா. கஞ்சி குடிச்சாளான்னு கேட்டுட்டு வாங்களேன்'னாரு. போனேன். அந்தப் பக்கம் விடமாட்டேன்னுட்டாங்க. திரும்பி வந்து, 'குடிச்சிருச்சுப்பா'ன்னு பொய் சொன்னேன். 'அப்பச் சரி'ன்னாரு. அம்புட்டுதான்."

ஆரோக்கியம் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"சாக்குல சுத்தி, கப்பல்காரங்க ரெண்டு பேரும் நானும் தூக்குனோம். கழுத்துல செபமால கெடந்துச்சு. வேதக்காரராச்சே, ஏதாச்சும் சொல்லித்தானே விடணும்? சாயங்காலத்துல அவரு மொணமொணன்னு சொல்றதுல மொத வரி மட்டும் எங்காதுல நின்னுருந்துச்சு. 'பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே'ன்னேன். அதுக்கு மேல வரல. என்ன பண்றது சாமி, 'முருகா, நீ பாத்துக்க'ன்னு சொல்லி விட்டுட்டேன்."

சாமியார் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு இருமினார்.

"பாதி மந்திரத்தோட அனுப்பிட்டமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சுங்க. அதான் வருசா வருசம் இந்தக் கோயிலுக்கு வர்றது. எல்லாரும் சேந்து சொல்லயில மிச்சத்தக் கேட்டுக்குவேன். ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போவேன். இப்ப முழுசா வரும். ஆனா நா சொன்னாச் செல்லுமா சாமி?"

சாமியார் எழுந்து நின்றார். "சொல்லுங்கள்" என்றார்.

வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சொன்னார். ஓர் இடத்தில் தடுக்கியது. திரும்பச் சொல்லி மேலே போனார். முடிந்ததும் சாமியார் "ஆமென்" என்றார். பிறகு, "செல்லும்" என்றார்.

அப்போதுதான் ஆரோக்கியத்தின் வாயிலிருந்து சத்தம் வந்தது.

"நா குடிக்கலியே... எனக்கு நெனவே இல்லியே... கஞ்சி குடிச்சேனான்னா கேட்டாரு?"

தூணைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள். நான் தாங்கிக்கொண்டேன். வருஷக்கணக்காக வராத அழுகை. அவள் உடம்பு என் கையில் உதறியது. என் மடி நனைந்துபோயிற்று. நானும் அழுதேன். என் கணவர் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். சவரிமுத்து மட்டும் படிக்குக் கீழே, தன் தோளில் கிடந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாதவனாக நின்றான்.

வெகுநேரம் கழித்துச் சாமியார், "சாட்சி போதும். இன்று மாலையே திருமணத்தை வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

"இன்னிக்கு வேண்டாம் சாமி" என்றாள் ஆரோக்கியம்.

மறுநாள் மத்தியானம் ரயில். சாமியார் எங்கள் பக்கம் திரும்ப வர மாதங்கள் ஆகும். அதற்குள் சவரிமுத்து சபாக் போய்விடுவான். புருஷனைத் தேடி வந்த இடத்தில் புருஷன் கிடைத்துவிட்டான். இனி இவனுக்கு அங்கே என்ன இடம்?

"சரி" என்றான் சவரிமுத்து. அந்த ஒரு சொல்தான். பிறகு படியில் ஒரு கால் வைத்து, சாமியாரைப் பார்த்து, "சாமி, அவருக்கு ஒரு பூசை வைக்க முடியுங்களா? ஒடம்பு இல்லாம?" என்று கேட்டான்.

ஆரோக்கியம் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

கடலோரத்தில் பிறந்தவள் நான். கடலோடு போனவர்களுக்கு வெறும் பெட்டி வைத்துப் பூசை வைப்பது எங்கள் ஊரில் தெரிந்த சங்கதி. "வைக்கலாம், வைக்கலாம்" என்று சாமியாருக்கு முன்னால் நானே பதில் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "கிராணியின் மனைவி அனுமதி கொடுத்துவிட்டாள். நாளை விடியற்காலை வைப்போம்."

அன்று முழுவதும் ஆரோக்கியமும் வேலாயுதமும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னதையே அவள் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். கப்பலில் என்ன சாப்பிட்டார், என்ன பாட்டுப் பாடினார், அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது. வேலாயுதம் சலிக்காமல் சொன்னார். சவரிமுத்து இரண்டு பேருக்கும் இலையில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்தான். மாலையில் சப்பரம் எங்களைக் கடந்து போனது. பூவுக்குள் அந்தோனியாரின் முகம் மட்டும் தெரிந்தது. நான் அவரிடம் கொஞ்சம் கோபமாகவே வேண்டிக்கொண்டேன்.

விடியற்காலை

கோயிலில் எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர். நடுவில் கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டி. சுற்றிலும் மெழுகுவர்த்திகள். சாமியார் கறுப்பு உடுப்பில் வந்தார். செத்தவருக்குச் சொந்தக்காரர் முழந்தாள்படியிடும் இடத்தில், ஆரோக்கியத்துக்கு ஓர் ஆள் இடைவெளி விட்டு, சவரிமுத்து முழந்தாளிட்டான். தம்பி ஒருவன் அண்ணனுக்குச் செய்வது போல, கடைசிவரை மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டிருந்தான். மெழுகு கையில் சொட்டியும் மாற்றிப் பிடிக்கவில்லை.

பூசை முடிந்து, பெட்டியை எடுத்துப் போனார்கள். ஆரோக்கியம் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"கிராணியம்மா, அந்தச் சேல மூட்டையிலதான இருக்கு?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். வெளியே என் கணவர் தம் கோட்டைக் கழற்றிச் சவரிமுத்துவுக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. "கையை நீட்டாதையும், மடிச்சே வைச்சிரும்" என்று அவர் புத்தி சொன்னது எனக்குக் கேட்டது. என் கணவர் சவரிமுத்துவிடம் எங்கள் ஊர்ப் பிரியமான பேச்சில் 'உம்' போட்டுப் பேசியது அன்றுதான்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் இருவரும் சபாக் போனார்கள். என் அடுப்படி வெறிச்சோடிப் போனது. வேலாயுதத்தின் தோட்டம் அவர்களுக்கு நடக்கிற தூரம்தான். ஆரோக்கியம் பிள்ளைத்தாய்ச்சியானபோது வேலாயுதமும் அவர் மனைவியும் வந்து, வளையல் போட்டு, பிரசவத்துக்குத் தங்கள் லயத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். தாய்வீடு இல்லாமல் வந்தவளுக்குப் சபாக்கின் பெர்ணம் ஆற்றங்கரையில் ஒரு தாய்வீடு. அவளுடைய மூத்த மகளின் ஞானஸ்நானத்துக்கு நான் போனபோது, திருநீறு பூசிய நெற்றியோடு கோயிலின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் வேலாயுதம்தான்.

ஆனால் கலியாணத்தைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது.

பக்கப் பீடத்தின் முன்னால் சவரிமுத்துவும் ஆரோக்கியமும் நின்றார்கள். மாப்பிள்ளை பக்கம் என் கணவர். பெண்ணுக்குப் பின்னால் நான். சாமியார் புத்தகத்தைத் திறந்தார், திரும்ப மூடினார்.

"பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க அவள் பக்கத்து ஆண் எவர்?"

ஆரோக்கியம் தலை குனிந்தாள். என் கணவர் என்னைப் பார்த்தார்.

கோயிலின் கடைசியில், தூணோரமாக நின்ற வேலாயுதம் மெதுவாக நடந்து வந்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நா நிக்கிறேன் சாமி."

"நீங்கள் இவளுக்கு என்ன உறவு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். ஆரோக்கியத்தைப் பார்த்தார். அவளும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவ புருசனக் கரையேத்துனவன் நாந்தானுங்க சாமி" என்றார். "அப்ப அண்ணன்தானே?"

சாமியார் மூடிய புத்தகத்தைத் திரும்பத் திறந்தார். ஆரோக்கியம் சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவர் நிற்க இடம் விட்டு நகர்ந்து நின்றாள்.